உங்கள் பிரதிநிதி காலநிலைக்காக என்ன செய்தார்? பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்ப்பது எப்படி

தேர்தல் நெருங்கினால் எல்லாருடைய துண்டறிக்கையிலும் காலநிலை பற்றி ஒரு பத்தி வந்துவிடுகிறது. மரம், சூரிய மின்சாரம், அடுத்த தலைமுறை. படிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஐந்து வருடம் அவையில் உட்கார்ந்திருந்த ஒருவர் உண்மையில் என்ன செய்தார் என்பது அந்தப் பத்தியில் கிடைக்காது, அவையின் ஆவணங்களில்தான் கிடைக்கும். எங்கே தேடுவது என்று தெரிந்தால் இது இரண்டு மூன்று நாள் வேலை. தெரியாமல் நான் ஆரம்பத்தில் ஒரு உறுப்பினரின் பேச்சுகளை மட்டும் வாரக்கணக்கில் படித்தேன், கடைசியில் அவர் எதற்கு ஆதரவாக வாக்களித்தார் என்பதே தெரியாமல் எழுந்தேன்.

தேடத் தொடங்கும்போது "காலநிலை" என்ற சொல் இருக்கும் மசோதாக்களோடு நின்றுவிடாதீர்கள். பேருந்து, குடிநீர், மழைநீர் வடிகால், மின்சார வாரியம், அரசு மருத்துவமனை, இவற்றுக்கான சட்டங்களையும் பணத்தையும் கட்டாயம் பாருங்கள். எனக்கு இதைப் புரிய வைத்தது பிரான்ஸ். 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் அங்கே ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள், பலர் தனியாக வீட்டில் இருந்தவர்கள். விடுமுறை மாதம் என்பதால் மருத்துவர்களும் பணியாளர்களும் குறைவு. நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. அடுத்த ஆண்டு, 2004 ஜூன் 30 அன்று, முதியோர், மாற்றுத்திறனாளிகள் நலனுக்காக ஒரு சட்டம் வந்தது. தனியாக வாழும் முதியவர்களின் பதிவேட்டை மேயர்கள் வைத்திருக்க வேண்டும் என்றும், செலவுக்காக வருடத்தில் ஒரு நாள் ஊதியமில்லாமல் கூடுதலாக வேலை செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது. சட்டத்தின் தலைப்பில் காலநிலை என்ற பேச்சே இல்லை. ஆனால் வெயில் கொளுத்தும்போது எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை ஒரு ஊழியருக்குச் சொல்வது அந்தப் பதிவேடுதான். இதற்காக உழைத்த உறுப்பினரை "காலநிலை" என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, வாக்குகளுக்கு வருவோம். அவையின் இணையதளத்தில் வாக்கெடுப்புப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் வாரியாகப் பதிவாகும் வாக்கெடுப்பு என்றால் வேலை சுலபம். குரல் வாக்கெடுப்பு என்றால் "ஆம்" என்றவர்கள் யார், "இல்லை" என்றவர்கள் யார் என்று தனித்தனியாகத் தெரியாது. அந்த மாதிரி அவைகளில் விவாதத்தில் என்ன பேசினார், திருத்தம் கொடுத்தாரா என்பதைத்தான் பார்க்க முடியும். கட்சிக் கொறடாவின் கட்டளையையும் மறக்கக் கூடாது. இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரிடலாம், அதனால் அங்கே ஒருவரின் வாக்கு பெரும்பாலும் அவருடைய கட்சியைப் பற்றித்தான் சொல்லும், அவரைப் பற்றிச் சொல்வது குறைவு. அவரைத் தெரிந்துகொள்ள அவர் கேட்ட கேள்விகளுக்குப் போக வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

கடிதத்தையும் வாக்கையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அமெரிக்காவில் 2022-ல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் (பெயர் அப்படி இருந்தாலும் அந்த நாடு இதுவரை இயற்றியதில் மிகப் பெரிய காலநிலைச் சட்டம் அதுதான்) செனட்டில் 50-50 என்று நின்று, துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கால் 51-50 என நிறைவேறியது. அதில் இருந்த தூய எரிசக்தி வரிச்சலுகைகளால் பல தொகுதிகளுக்குத் தொழிற்சாலைகள் வந்தன. 2024 ஆகஸ்ட்டில் கீழவையின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 18 பேர், அந்தச் சலுகைகளை ஒட்டுமொத்தமாக நீக்கிவிட வேண்டாம் என்று தங்கள் சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார்கள். 2025-ல் அவற்றில் பலவற்றை வெட்டும் மசோதா வந்தபோது, அந்த 18 பேரில் அவையில் தொடர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆதரவாகவே வாக்களித்தார்கள். அதுவும் செனட்டில் 51-50 என்ற அதே கணக்கில்தான் நிறைவேறியது. கடிதம் எழுதியது பொய் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு உண்மையிலேயே கவலை இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதி வைக்கும் தாளில் கடைசி வாக்குக்குத்தான் முதல் வரி.

அப்புறம் சட்டத்தின் வாசகம். இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவது இதைத்தான். முதலில் வினைச்சொற்களைப் பாருங்கள்: "அரசு செய்ய வேண்டும்" என்று இருக்கிறதா, "அரசு செய்யலாம்" என்று இருக்கிறதா? "முயற்சி எடுக்கும்", "கருத்தில் கொள்ளும்" என்பதெல்லாம் யாரையும் கட்டுப்படுத்தாத சொற்கள். எந்த அமைச்சர் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், தவறினால் யாரிடம் பதில் சொல்ல வேண்டும், இந்த மூன்றுக்கும் சட்டத்தில் பதில் இருந்தால் அது பல் உள்ள சட்டம்.

பிரிட்டனின் 2008 காலநிலை மாற்றச் சட்டத்தை இதற்கு உதாரணமாகப் படிக்கலாம். உமிழ்வை (பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்தை) குறைக்கும் இலக்கை எட்டுவது அமைச்சரின் கடமை என்று நேரடியாகவே எழுதியிருக்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு உமிழ்வு வரம்பு, அதையும் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும். அரசைச் சாராத ஒரு நிபுணர் குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். இலக்கை எப்படி எட்டப்போகிறோம் என்ற திட்டத்தையும் அவையின் முன் வைத்தாக வேண்டும். அந்த வாசகங்கள் உறுதியாக இருந்ததால்தான் 2022-லும் 2024-லும் மக்கள் அமைப்புகள் நீதிமன்றம் போய், அரசின் திட்டம் சட்டப்படி போதுமானதாக இல்லை என்று தீர்ப்பு வாங்க முடிந்தது. "செய்யலாம்" என்று எழுதியிருந்தால் அந்த வழக்குக்குக் காலூன்ற இடமே இருந்திருக்காது. குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து "செய்யலாம்" என்பதை "செய்ய வேண்டும்" என்று மாற்ற வாதாடிய உறுப்பினர், மேடையில் நூறு முறை பூமியைக் காப்போம் என்றவரைவிடப் பெரிய வேலை செய்தவர் என்பது என் கருத்து.

வரையறைப் பகுதியையும் விடாதீர்கள். எது கணக்கில் வருகிறது, எது வரவில்லை என்பது அங்கேதான் இருக்கும். நியூசிலாந்து 2019-ல் இயற்றிய சட்டத்தில் 2050-க்குள் நிகர பூஜ்யம் (வெளியேறும் அளவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாவது) என்ற இலக்கு உண்டு, ஆனால் கால்நடைகளிலிருந்தும் கழிவுகளிலிருந்தும் வரும் மீத்தேனுக்கு அது பொருந்தாது, அதற்குத் தனியாக, குறைந்த ஓர் இலக்கு. அந்த நாட்டின் உமிழ்வில் ஏறக்குறைய பாதி விவசாயத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்த விலக்கு எவ்வளவு பெரியது என்று புரியும். மீத்தேன் வளிமண்டலத்தில் கரியமில வாயு போல நீண்டகாலம் தங்காது என்பதால் தனி இலக்கு வைப்பதற்கு அறிவியல் நியாயமும் உண்டு, அதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பிரிட்டனிலும் தனக்குரிய பன்னாட்டு விமான, கப்பல் உமிழ்வுகளை 2033-ல் தொடங்கும் ஆறாவது வரம்பிலிருந்துதான் நேரடியாகக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

அடுத்தது பணம். ஒரு துறைக்கு பட்ஜெட்டில் மூன்று எண்கள் இருக்கும்: ஒதுக்கியது, வருட நடுவில் திருத்தியது, கடைசியில் செலவானது. செய்தியில் வருவது முதல் எண் மட்டும். மூன்றையும் மூன்று வருடங்களுக்கு எடுத்து ஒரே தாளில் எழுதினால் போதும், எந்தத் திட்டம் அறிவிப்போடு நின்றது என்று தெரிந்துவிடும். பிலிப்பைன்ஸ் 2012-ல் மக்கள் உயிர்வாழ்வு நிதி என்று ஒன்றைச் சட்டமாக்கியது. புயலாலும் கடல் ஏறுவதாலும் தவிக்கும் உள்ளாட்சிகளுக்காக வருடத்துக்குக் குறைந்தது 100 கோடி பேசோ. நல்ல நோக்கம், நல்ல சட்டம். ஆனால் முதல் பத்தாண்டில் ஒப்புதல் பெற்ற திட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விண்ணப்பத்துக்குக் கேட்ட தொழில்நுட்ப ஆய்வுகளைச் செய்ய சின்ன ஊராட்சிகளில் ஆள் இல்லை. அந்த ஆளைக் கொடுப்பதும் காலநிலைக் கொள்கைதான். இதைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போனது, ஏனென்றால் நிதி மிகவும் தேவைப்பட்ட ஊருக்குத்தான் அதைக் கேட்டு வாங்கத் தெம்பு இருக்கவில்லை.

பணத்தின் மறுபக்கம் வரி. 2008 காலநிலைச் சட்டத்துக்கு மூன்றாம் வாசிப்பில் (அவையின் இறுதி வாக்கெடுப்புக் கட்டத்தில்) 463 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு என்று வாக்களித்த அதே பிரிட்டன் நாடாளுமன்றத்தில், 2011-க்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பெட்ரோல், டீசல் வரியை உயர்த்தாமலே விட்டார்கள், 2022-ல் லிட்டருக்கு 5 பென்ஸ் குறைக்கவும் செய்தார்கள். எரிபொருள் விலை ஏழைகளை அடிக்கும் என்பது உண்மையான கவலை. அதனால் உங்கள் உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: வரியை உயர்த்த வேண்டாம் என்றவர், காருக்குப் பதிலாக மக்கள் ஏறக்கூடிய பேருந்துக்கும் ரயிலுக்கும் பணம் கேட்டாரா? ஜெர்மனி 2022 கோடையில் மூன்று மாதம், மாதத்துக்கு 9 யூரோவில் உள்ளூர், வட்டார வண்டிகள் எல்லாவற்றிலும் போகலாம் என்று டிக்கெட் கொடுத்தபோது 5 கோடிக்கும் மேல் விற்றது. அடுத்த ஆண்டு மே மாதம் 49 யூரோவுக்கு நிரந்தர டிக்கெட் வந்தது, 2025 தொடக்கத்தில் அது 58 யூரோ ஆனது. அந்த விலையை யார் சுமப்பது, மத்திய அரசா மாநிலங்களா என்ற இழுபறி ஒவ்வொரு முறையும் நடந்தது. அந்த இழுபறியில் எந்தப் பக்கம் நின்றார் என்பதுதான் ஒரு உறுப்பினரைப் பற்றிய நல்ல தகவல்.

கேள்விகளும் நிலைக்குழுவும் (துறைகளின் வேலையை ஆராயும் உறுப்பினர்கள் குழு). எதிர்க்கட்சி உறுப்பினரையும் பின்வரிசை உறுப்பினரையும் எடைபோட இவைதான் நியாயமான அளவுகோல், ஏனென்றால் சட்டம் நிறைவேற்றும் பலம் அவர்களுக்கு இல்லை. இந்தியாவில் விடுதலைக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருபவை) மொத்தம் 14 மட்டுமே, கடைசியானது 1970-ல். ஆகவே "எத்தனை மசோதா கொண்டுவந்தார்" என்ற எண்ணிக்கையை வைத்து யாரையும் தூக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். கேள்வியின் தரத்தைப் பாருங்கள். "அரசு காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க என்ன செய்கிறது?" என்று கேட்டால் இரண்டு பக்கம் திட்டப் பெயர்கள் பதிலாக வரும், அவ்வளவுதான். "கடந்த மூன்று கோடைகளில் வெப்பத்தால் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் மாவட்ட வாரியாக எத்தனை பேர்?" என்று கேட்டால் அமைச்சகம் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது எண்ணவே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலும் பயனுள்ளதுதான். ஒரே விஷயத்தை இரண்டு மூன்று கூட்டத்தொடர்களில் விடாமல் கேட்டிருந்தால் அவர் அக்கறையாக இருக்கிறார் என்று நம்பலாம். நிலைக்குழு என்றால் வருகைப் பதிவும், அறிக்கையில் அவர் மாற்றுக்கருத்து பதிவு செய்தாரா என்பதும்.

இதையெல்லாம் எடுத்த பிறகு அவருக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். நீங்கள் கண்ட ஒரு வாக்கையோ எண்ணையோ தேதியோடு குறிப்பிட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இன்ன திட்டத்துக்கு ஒதுக்கியதில் பாதிகூடச் செலவாகவில்லை, வரும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைக் கேட்பீர்களா?" பொதுவான கடிதத்துக்குப் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேட்டால் அவருடைய உதவியாளர் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும். பட்ஜெட் கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள், கேள்விகளுக்கும் வெட்டுத் தீர்மானங்களுக்கும் (ஒரு துறை கேட்கும் பணத்தைக் குறைக்கச் சொல்லும் தீர்மானங்கள்) முன்னறிவிப்புக் கெடு உண்டு. பதில் வந்தால் அதையும் அந்தத் தாளிலேயே தேதி போட்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தொடர் முடிந்ததும் அவைக்குறிப்பை எடுத்து அவர் கேட்டாரா என்று பாருங்கள்.