டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்திருக்காகளா? முழுங்குறதுக்கு முன்னாடி இத பாத்துருங்க

போன மழைக்கு அப்பறம், பூட்டிக் கெடந்த வளவு வீட்ட முன்னோருக்குப் படைக்கிறதுக்காக தொறந்து பின்கட்டுல முழங்கால் ஒசரத்துக்கு மண்டிக் கெடந்த புல்ல செதுக்குனோம். பத்து நாள் கழிச்சு எனக்கு காய்ச்சல், அஞ்சு நாளா விடல. டெங்கு இல்ல, டைபாய்டு இல்ல, கடைசில காரைக்குடில ஒரு லேடி டாக்டர் பாவாட நாடா கட்டுற எடத்துல பாத்துட்டு "இது எப்ப வந்துச்சு ஆச்சி?"ன்னு கேட்டாக. சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு, வலியே இல்லாததால நான் கவனிக்கவே இல்ல. ஸ்க்ரப் டைபஸ், புதர்ல இருக்குற கண்ணுக்கு சரியா தெரியாத பூச்சி கடிச்சு வர்றது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி, காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு, 7 நாளைக்கு எழுதுனாக. இது எனக்கு எழுதுனது, பருவுக்கு எலிக்காய்ச்சலுக்கெல்லாம் அளவும் நாளும் வேற, உங்க சீட்டுல இருக்குறதுதான் உங்களுக்கு.

மருந்து நல்ல மருந்துதான். நான் முழுங்குன லட்சணம்தான் சரியில்ல.

ரெண்டாம் நாள் ராத்திரி பத்தரைக்கு தூக்கக் கலக்கத்துல ஒரு வாய் தண்ணியில கேப்ஸ்யூல போட்டுட்டு அப்படியே படுத்துட்டேன். ரெண்டு மணிக்கு நெஞ்செலும்புக்கு பின்னாடி மொளகாய அரச்சுத் தேச்ச மாதிரி எரிச்சல், எச்சிகூட முழுங்க முடியல. ஹார்ட் அட்டாக்குன்னு பயந்து அள்ளிட்டு ஓடுனாக, ஈசிஜி நல்லாத்தான் இருந்துச்சு, ட்யூட்டி டாக்டர் கேட்ட மொத கேள்வியே "தண்ணி எவ்வளவு குடிச்சீக?". கேப்ஸ்யூல் உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு அங்கேயே கரஞ்சு புண்ணாக்கிருச்சு, இந்த மருந்துக்கு அமிலத்தன்ம ஜாஸ்தி.

அதனால நின்னுக்கிட்டோ நிமிந்து உக்காந்தோ ஒரு டம்ளர் நெறைய தண்ணி குடிச்சு முழுங்குங்க, கொறஞ்சது அர மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் படுக்காதீக. படுக்கப் போறப்ப போடவே போடாதீக, ராத்திரி சாப்பாட்டோட முடிச்சிருங்க. வெறும் வயித்துல போட்டா சில பேருக்கு கொமட்டும், ரெண்டு இட்லியோ இடியாப்பமோ சாப்ட்டு போட்டா சமாளிக்கலாம்.

எங்க மாமியார் "மாத்திர சூடு, பால ஊத்திக் குடி"ன்னு டம்ளரோட நின்னாக. அதான் கூடாது. பால் தயிர்ல இருக்குற கால்சியம் மருந்தப் பிடிச்சுக்கும், ஒடம்புல ஏறுறது கொறஞ்சுரும். இத விட மோசம் இரும்புச் சத்து மாத்திர, கால்சியம் மாத்திர, ஜிங்க், அப்பறம் நெஞ்செரிச்சலுக்கு குடிக்கிற அந்த ரோஸ் கலர் தண்ணி மருந்து. ரெண்டு மூணு மணி நேரம் தள்ளிப் போடணும், எவ்வளவு இடைவெளின்னு டாக்டர்கிட்டயோ மருந்துக் கடைலயோ கேட்டுக்கங்க.

வெயில்ல கவனம். நம்ம ஊரு வெயிலு சும்மாவே பொசுக்கும், இந்த மருந்து சாப்பிடுறப்ப தோலு சீக்கிரம் வெந்து செவந்துரும். கொடை, முழுக்கை சட்ட, மத்தியானத்துல வண்டில போறத தள்ளி வைங்க.

லேசான கொமட்டல், வயித்துப் பொரட்டல், ரெண்டு தடவ பேதி இதெல்லாம் வரலாம், பொம்பளைகளுக்கு அந்த எடத்துல அரிப்பு வரலாம், டாக்டர்கிட்ட சொன்னா மருந்து இருக்கு. ஆனா ஒடம்பு பூரா தடிப்பு, ஒதடு மொகம் வீங்குறது, மூச்சு வாங்குறது, பேதில ரத்தம் வர்றது இல்லாட்டி நிக்காம தண்ணியாவே போறது (மருந்து முடிஞ்சு சில வாரம் கழிச்சும் வரலாம்), மண்டையப் பிளக்குற தலவலியோட கண்ணு மங்குறது இல்லாட்டி ரெண்டு ரெண்டா தெரியுறது, முழுங்குறப்ப நெஞ்சு வலி, இதுல எது வந்தாலும் நாளைக்கு பாக்கலாம்னு இருக்காதீக.

டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்ல வேண்டியது: மாசமா இருந்தா, பால் குடுக்குறதா இருந்தா, ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர, வலிப்பு மாத்திர, பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிட்டா. சின்னப் புள்ளைகளுக்கு பல்லுல கறை விழும்னு சாதாரணமா குடுக்க மாட்டாக, ஆனா ஸ்க்ரப் டைபஸுக்கு கொஞ்ச நாளைக்கு எழுதுறது உண்டு, அதுக்காக டாக்டர்கிட்ட சண்டைக்கு போகாதீக.

எனக்கு ரெண்டே நாள்ல காய்ச்சல் நின்னுருச்சு. அதுக்காக நிறுத்தல. ரெண்டு மூணு நாள்லயும் எறங்கலன்னா திரும்பப் போய்க் காட்டுங்க, நோயே வேறயா இருக்கலாம். ஒரு வேள மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போடுங்க, அடுத்த வேள நெருங்கிருச்சுன்னா விட்டுருங்க, ரெண்டா சேத்துப் போடக் கூடாது. பீரோல கெடக்குற தேதி போன அட்டைய தொடவே தொடாதீக, இதே வகை மருந்தான டெட்ராசைக்ளின் பழசாகி கெட்டுப்போய் கிட்னிய பாதிச்ச கத உண்டு. அட்டைல செவப்புக் கோடு இருந்தாலே டாக்டர் சீட்டு இல்லாம சாப்பிடக் கூடாதுன்னு அர்த்தம்.

எங்கூட புல்லு செதுக்குன பங்காளி வீட்டுப் பையனுக்கும் நாலு நாள் கழிச்சு காய்ச்சல், "ஆச்சி, உங்க மாத்திர மிச்சம் இருக்கா"ன்னு வந்து நின்னான். சட்டையக் கழட்டுடான்னு சொல்லி அக்குள்ல பாத்தேன், கருப்பா இருந்துச்சு, அப்படியே வண்டில ஏத்தி அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன்.