ஓரை பார்ப்பது எப்படி? சொல்லும் கணக்கும்

'சுக்கிர ஓரையில் நகை வாங்கு' என்பார்கள். ஓரை என்பது ஒரு கிரகத்துக்கு உரியதாகச் சொல்லப்படும் ஒரு மணி நேரம். அந்த ஓரை எப்போது வரும் என்று கேட்டால் காலண்டரைத் தேடுவார்கள். விரல்விட்டே எண்ணிவிடலாம்.

முதலில் சொல். கிரேக்கத்தில் பருவத்தையும் பொழுதையும் குறித்த 'ஹோரா' வடமொழிக்கு வந்து, தமிழில் ஓரை ஆனது. பகலும் இரவும் சேர்ந்த நாளைக் குறிக்கும் 'அஹோராத்ர' என்ற சொல்லில் முதலும் கடைசியும் போக மிஞ்சியதே 'ஹோரா' என்று சிலர் கருதுவதாகப் பழைய ஜோதிட நூலாசிரியர் வராகமிகிரர் எழுதுகிறார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கிரேக்க மூலம்தான் பொருத்தமாகப் படுகிறது. தொல்காப்பியக் களவியலிலேயே 'ஓரையும் நாளும்' என்று நல்ல பொழுது பேசப்படுகிறது. சங்கப் பாடல்களில் பெண்கள் ஆடும் 'ஓரை' விளையாட்டு. அதை இதோடு முடிச்சுப் போட அவசரப்பட வேண்டாம்.

படி 1: இந்த வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்: சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். முடிந்ததும் மறுபடி சூரியன். சனியிலிருந்து படித்தால் சூட்சுமம் புரியும். வானத்தைச் சுற்றிவர சனிக்குச் சுமார் 30 வருடம், குருவுக்கு 12, சந்திரனுக்கு 27 நாள். மெதுவாகப் போவதிலிருந்து வேகமாகப் போவது வரை அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படி 2: சூரிய உதயத்தில் தொடங்கும் முதல் ஓரை அந்தக் கிழமையின் கிரகத்துக்கு. வெள்ளி என்றால் சுக்கிரன்.

படி 3: மணிக்கு ஒன்றாக நகருங்கள். உதயம் 6 மணி என்று வையுங்கள். வெள்ளிக்கிழமை 6–7 சுக்கிரன், 7–8 புதன், 8–9 சந்திரன், 9–10 சனி, 10–11 குரு, 11–12 செவ்வாய், 12–1 சூரியன். பகல் 1 மணிக்குத் திரும்பவும் சுக்கிரன், அப்புறம் இரவு 8 மணிக்கு.

இப்படியே 24 ஓரையும் எண்ணிப் பாருங்கள். கடைசி ஓரை சந்திரனுக்கு, மறுநாள் முதல் ஓரை சனிக்கு. அதனால்தான் வெள்ளிக்கு அடுத்து சனிக்கிழமை! ஏழு கிழமைகளின் வரிசையும் இந்தக் கணக்கில் பிறந்ததுதான்.

குரு, சுக்கிரன், புதன், வளர்பிறைச் சந்திரன் ஓரைகளைச் சுபம் என்பது வழக்கம்.

ஜாதகப் புத்தகத்தில் 'ஹோரா' என்று வந்தால் மணியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 30 பாகை ராசியில் பாதி, அதாவது 15 பாகை, அங்கே ஹோரா. மேஷம் மாதிரி ஒற்றை ராசியில் முன்பாதி சூரியனுக்கு, பின்பாதி சந்திரனுக்கு. இரட்டை ராசியில் தலைகீழ்.

இன்னொன்று, காலண்டர்காரர்கள் பெரும்பாலும் 6 மணியிலேயே தொடங்கிவிடுவார்கள். ஜனவரியில் சென்னையில் உதயமே சுமார் 6.30. அரை மணி தள்ளி எண்ணுங்கள்.