குழந்தைக்கு மசாஜ்: ஒரு வாரம் நான் தலைகீழாக நீவிய வயிறு

மகனுக்கு நாலு மாதம் இருக்கும்போது மலம் கழிக்க முக்கி முக்கி முகமே சிவந்துவிடும். வயிற்றை நீவி விட்டால் இளகும் என்றார்கள். ஒரு வாரம் விடாமல் நீவினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஏழு நாளும் எதிர்த்திசையில் நீவியிருக்கிறேன் என்று.

முதலில் நேரம். பால் குடித்து அரை மணிக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், குழந்தை விழித்து அமைதியாக இருக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். கட்டில் வேண்டாம், தரையில் விரிப்புப் போடுங்கள். எண்ணெய் பட்ட குழந்தை வழுக்கும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. முதல் மாதம் எண்ணெயே வேண்டாம், வெறும் கை போதும் என்பேன். 115 பச்சிளம் குழந்தைகளை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஆலிவ் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டுமே தோலில் ஈரப்பதத்தைக் கூட்டினாலும், தோலின் கொழுப்புப் படலம் ஒழுங்காக அமைவதைத் தாமதப்படுத்தின. முதல் மாதம் முடிந்த பிறகு நான் எடுத்தது வாசனை சேர்க்காத சூரியகாந்தி எண்ணெய். எதுவானாலும் முன்கையில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். மூக்கிலும் காதிலும் மட்டும் விடவே கூடாது, மூக்கில் விட்டது மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெடும்.

காலில் தொடங்குங்கள், வயிற்றில் வேண்டாம். தொடையிலிருந்து கணுக்கால் வரை உள்ளங்கையால் நாலைந்து நொடி எடுத்து நீவுங்கள். இதமான தொடுகையை உணரும் நரம்பு இழைகள் நன்றாக வேலை செய்வது நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில்தான். பயந்து பயந்து விரல்நுனியால் தடவினால் கூச்சம்தான் வரும், குழந்தை காலை உதறும். தோல் லேசாக அமுங்கும் அளவு அழுத்தம் வேண்டும். 1986இல் அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் மருத்துவமனையில் இருந்த குறைமாதக் குழந்தைகளுக்கு 15 நிமிடம் வீதம் தினம் மூன்று வேளை, பத்து நாள் இப்படித் தொட்டுப் பிடித்து விட்டதில், மற்ற குழந்தைகளைவிட எடை 47% வேகமாக ஏறியது. இத்தனைக்கும் பால் அதிகம் குடிக்கவில்லை. மிதமான அழுத்தம், மூளையிலிருந்து வயிறு வரை போகும் வேகஸ் நரம்பைத் தூண்டி இரைப்பையின் அசைவைக் கூட்டுகிறது என்பது பின்னால் வந்த விளக்கம். அதற்காகக் குறைமாதக் குழந்தைக்கு வீட்டில் நீங்களாக எதையும் தொடங்கிவிடாதீர்கள், மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது என்னைக் கவிழ்த்த இடம். பெருங்குடல் குழந்தையின் வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, விலா எலும்புக்குக் கீழே குறுக்காகப் போய், இடப்பக்கம் இறங்குகிறது. மலம் போகும் வழியும் அதுதான், கை போக வேண்டிய வழியும் அதுதான். 'வலப்பக்கம் தொடங்கு' என்று படித்ததும் நான் என் வலப்பக்கத்தில் தொடங்கினேன். எதிரே படுத்திருக்கும் குழந்தையின் வலம் நமக்கு இடம் என்பது தூக்கக் கலக்கத்தில் யாருக்கு உறைக்கும்! விலாவுக்குக் கீழே, தொப்புளைச் சுற்றி, கடிகார முள் சுற்றும் திசையில் தட்டையான உள்ளங்கையால் பத்துச் சுற்று. பிறகு முழங்கால் இரண்டையும் மடக்கி வயிற்றோடு அணைத்து, சில நொடி கழித்து விடுங்கள். தொப்புள்கொடி விழுந்து புண் ஆறும்வரை வயிற்றைத் தொட வேண்டாம்.

திசையை மாற்றிய நாலாம் நாள் சுலபமாகப் போனான். மசாஜாலா, தானாகச் சரியானதா, அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் அழுகை குறைந்து சீக்கிரம் தூங்கினான், அது எனக்கே பெரிய நிம்மதி.

முகத்தைத் திருப்பினால், முதுகை வில்லாக வளைத்தால், விரல்களை விறைத்து விரித்தால் நிறுத்திவிடுங்கள். காய்ச்சல், தோலில் தடிப்பு இருந்தால் அன்றைக்கு இல்லை. தடுப்பூசி போட்ட இடத்தை இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். வயிறு கல்லாக உப்பியிருந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ மசாஜ் இல்லை, உடனே மருத்துவமனை.

பின்சேர்க்கை: ஆறு வயசுப் பிள்ளைக்குச் செய்யலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாக, எண்ணெய் இல்லாமல் உடைக்கு மேலேயே, படுக்கும் முன் கெண்டைக்காலும் முதுகும். ஆனால் 'பிடித்து விடட்டுமா?' என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொருவர் குழந்தையின் தலை தன் பக்கம் இருக்குமாறு படுக்கவைத்துவிட்டு எந்தப் பக்கம் தொடங்குவது என்று குழம்பியிருந்தார். இடம் வலத்தை மறந்துவிடுங்கள். ஒரு கடிகாரத்தை மல்லாத்தி வயிற்றின் மேல் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், தலை எந்தப் பக்கம் இருந்தாலும் முள் சுற்றும் திசை மாறாது.