மறுகால் போகும் வழியே: கிராமத்தில் சூழல் கல்விக் குழு தொடங்குவது எப்படி?

ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு குழு தொடங்க வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: பேனர் அடிக்காதீர்கள். பேனர் அடித்தால் தலைவர் வர வேண்டும், தலைவர் வந்தால் சால்வை வேண்டும், சால்வை போர்த்தி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். ஒரு நோட்டு, ஒரு பேனா, நடக்கத் தயாரான பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் போதும். நான் சிவகங்கைப் பக்கம். எங்களுக்கு எல்லாமே கண்மாயில் (பாசன ஏரியில்)தான் தொடங்கும், அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் நடையைக் கோடை விடுமுறையில் வையுங்கள். வறண்ட கண்மாயில் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள். தண்ணீர் வற்றினால்தான் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் கல்தூண், அடியில் சேர்ந்த வண்டல், உள்ளே அடைத்து நிற்கும் சீமைக்கருவேல் எல்லாம் கண்ணில் படும். நீர்பாய்ச்சி (மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர்) வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் ஆடு மேய்ப்பவரை. அவர் பேசட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். (படித்தவர்களுக்கு இதுதான் கஷ்டம். அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்திலிருந்து பார்க்கிறேன், சாக்பீஸை எடுத்தவர் லேசில் கீழே வைப்பதில்லை.)

பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? "மழையிலேர்ந்து" என்பார்கள். விடாதீர்கள். எந்த வழியாக? கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்து மேலே நடந்தால் அடைப்பு, ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுமிடம் எல்லாம் வரிசையாக வரும். யார் வீட்டுக் குப்பை என்று மட்டும் தோண்டாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த வாரம் வராது.

எல்லாத் தெருப் பிள்ளைகளும் வர வேண்டும். காலனியிலிருந்து யாரும் வரவில்லை என்றால் நடையைத் தள்ளிவைத்து, நேரில் போய்க் கூப்பிடுங்கள். அப்புறம், கண்மாய்க்குள் சவுடு மண் (பள்ளம் நிரப்பும் மண்) எடுத்த குழிகள். கண்மாய் நிறைந்துவிட்டால் குழி இருப்பதே தெரியாது. கோடையிலேயே அவற்றைப் பிள்ளைகள் கையாலேயே படம் போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வந்த பிறகு கரையைவிட்டு யாரும் இறங்கக் கூடாது.

மழை தொடங்குமுன் மழைமானி செய்துவிடுங்கள். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதிலேயே புனலாகச் செருகுங்கள். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். கொஞ்சம் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் ஸ்கேலை ஒட்டுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், ஆடு தட்டிவிடாதபடி செங்கல் அண்டை கொடுத்து வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளவெடுத்து, தண்ணீரை மறுபடி கோட்டுக்கே கொண்டுவர வேண்டும். வானிலைத் துறையின் ஒருநாள் மழைக் கணக்கும் காலை 8.30-க்குத்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். அப்படியானால் ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர்? சுமார் 40,000 லிட்டர். கணக்கென்றால் ஓடுகிற பையன்கூட இதைத் திரும்ப ஒரு தடவை போட்டுப் பார்ப்பான்.

சரி, பக்கத்து ஊர்களை எப்படிச் சேர்ப்பது? ஒன்றியம், வட்டம் என்று பிரிக்காதீர்கள். உங்கள் கலுங்கில் (கண்மாய் நிறைந்தால் உபரி நீர் வெளியேறும் இடம்) வழியும் மறுகால் தண்ணீர் எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறதோ, அந்த ஊரில்தான் அடுத்த குழு. உங்களுக்குத் தண்ணீர் விடும் மேல் ஊரில் இன்னொன்று. மேல் ஊர்க்காரர் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கினால் கீழ் ஊர் வயல் காயும், அதை வைத்துத் தலைமுறைப் பகை வளர்த்த ஊர்கள் உண்டு. கீழ் ஊர்ப் பிள்ளைகள் மேல் ஊருக்கு வந்து, அந்தக் கலுங்கிலேயே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுப் போகட்டும். குழுக்களுக்கு நடுவே ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் மழையளவு, நீர்மட்டம், பார்த்த பறவை, இவ்வளவுதான். குட்மார்னிங் பூக்களுக்கு இடமில்லை.

பறவை என்றதும் ஒன்று. 2015-லிருந்து ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கண்மாய்க்கரையில் கால் மணி நேரம் நின்று, பார்த்ததைக் குறித்து, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். நத்தைகுத்தி நாரையைப் பார்க்க வசதி இருந்தால் எங்கள் மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போங்கள். பறவைகள் மிரளக்கூடாதென்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சரணாலயப் பலகையைப் படிப்பதைவிட அவர்களிடம் பேசவிடுவது நல்லது.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினத்தில் மரக்கன்று நட யாராவது கூப்பிட்டால், போட்டோவுக்கு நின்றுவிட்டு வாருங்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் பெயருக்குத்தான் எட்டிப்பார்க்கும், கன்று ஆடிக்காற்றிலேயே காய்ந்துவிடும். நடுவதென்றால் ஐப்பசியில் நடுங்கள்.

ஒரு வருட நோட்டு கையில் இருந்தால் கிராம சபைக்குப் போகலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம் இதற்குத் தோது. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். அதைத் தெரிந்துகொண்டு மனுவில் துறையைச் சரியாக எழுதுங்கள். அடைபட்ட வரத்துக்காலின் சர்வே எண்ணைச் சேருங்கள். பிள்ளைகள் வரைந்த படத்தின் ஜெராக்ஸை இணைத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.