நுரையீரல் தமனிகளைக் கதீட்டர் வழியாகப் படமெடுப்பது: கேத்லேபுக்குப் புதியவர்களுக்கு

கேத்லேபில், அதாவது கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டுப் பரிசோதிக்கும் அறையில், புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: தமனியைப் படமெடுக்க ஏன் சிரையில் குத்துகிறார்கள்? நுரையீரல் தமனி இதயத்தின் வலது கீழறையிலிருந்து கிளம்புகிறது. அதில் ஓடுவது பிராணவாயு குறைந்த ரத்தம். வலது பக்கத்துக்குள் நுழைய சிரைதான் வழி.

திடீர் மூச்சுத்திணறலோடு வருகிறவருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க இப்போது பெரும்பாலும் சிடி ஆஞ்சியோவே (ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்) போதும். கதீட்டர் முறைக்கு வருகிறவர்கள் வேறு. பழைய கட்டி முழுதாகக் கரையாமல், தமனிச் சுவரோடு ஒட்டி வடுவாகி, நுரையீரல் தமனி அழுத்தம் ஏறிப்போனவர்கள். இவர்களுக்கு அறுவை சிகிச்சையா, பலூனால் தமனியை விரிப்பதா என்று முடிவெடுக்கப் படம் வேண்டும். அப்படி ஒருவர் மேசைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குத்துவதும் கதீட்டரை நகர்த்துவதும் டாக்டரின் வேலை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்து நிற்பது நம் வேலை.

1. மேசைக்கு வரும் முன்

கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்), முன்பு டை (படத்தில் ரத்தக்குழாயைக் காட்டும் அயோடின் மருந்து) போட்டு அலர்ஜி வந்ததா, பெண்களுக்குக் கர்ப்பமா என்பதெல்லாம் வழக்கமான பட்டியல். "இறால் ஒத்துக்காது" என்று யாராவது சொன்னால் பயந்து கேஸைத் தள்ளிவைக்க வேண்டாம். இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல.

பலர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்வது ஈசிஜியை. இடது பண்டில் பிளாக், அதாவது இடது கீழறைக்கு மின்தூண்டலைக் கொண்டுபோகும் இழையில் தடை, இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கதீட்டர் வலது கீழறையைக் கடக்கும்போது வலது பண்டில்மேல் உரசி, அது கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் போகலாம். இடதும் ஏற்கெனவே இல்லையென்றால் முழு ஹார்ட் பிளாக்தான், மேலறையின் தூண்டல் கீழறைக்கு வரவே வராது. அப்படிப்பட்டவருக்குத் தற்காலிக பேஸ்மேக்கரைக் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

2. குத்துமிடம்

வலது தொடைச் சிரை, அல்லது வலது கழுத்துச் சிரை. காலிலேயே கட்டி இருந்தால் கழுத்துதான் நல்லது. அல்ட்ராசவுண்டில் புரோபை லேசாக அழுத்துங்கள். அமுங்குவது சிரை, அமுங்காமல் துடிப்பது தமனி. ஊசி, அதன் வழியே வயர், வயர்மேல் ஷீத் (கதீட்டர் உள்ளே போய்வர வாசலாக இருக்கும் குட்டிக் குழாய்). 1953-இல் ஸ்வீடன் டாக்டர் செல்டிங்கர் சொன்ன அதே வரிசை. ஷீத் பெரும்பாலும் 6 அல்லது 7 ஃபிரெஞ்ச். 3 ஃபிரெஞ்ச் என்றால் 1 மி.மீ.

3. இதயத்தைக் கடப்பது

1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர் தன் கைச் சிரையிலேயே குழாயைச் செருகிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்குப் போய், அதன் முனை வலது மேலறையில் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். நாமும் அதே இடத்துக்குத்தான் போகிறோம், அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம்.

முனை சுருண்ட பிக்டெயில் கதீட்டரோ, நுனியில் பலூன் உள்ளதோ எடுப்பார்கள். நேரான முனை இதயச் சுவரைக் குத்திவிடும் என்பதே காரணம்.

எக்ஸ்ரே திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், பிரெஷர் டிரேஸையும் (கதீட்டர் முனையில் உள்ள அழுத்தத்தைக் காட்டும் அலைக்கோடு) பாருங்கள். மேலறையில் சின்னச் சின்ன அலைகள், சுமார் 2 முதல் 6 மி.மீ. பாதரசம். கீழறையில் அலை உயர்ந்து ஏறும். இயல்பாக மேலே 25, கீழே பூஜ்ஜியத்தை ஒட்டி. நுரையீரல் தமனிக்குள் போனதும் மேல் எண் அப்படியே இருக்க, கீழ் எண் மட்டும் 10 அளவுக்கு எழும்பும். கீழறையில் எக்டோபிக் துடிப்புகள் (இடையில் வரும் கூடுதல் துடிப்புகள்) வரத்தான் செய்யும். தொடர்ந்து ஓடினால் உடனே சத்தமாகச் சொல்லுங்கள், கதீட்டரைக் கொஞ்சம் பின்னிழுப்பார்கள்.

4. டைக்கு முன் அழுத்தம்

டை அடிக்கும் முன் நுரையீரல் தமனி அழுத்தத்தை அளக்கும் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. சராசரி அழுத்தம் 20-க்கு மேல் போனாலே உயர் அழுத்தம். நம் நோயாளிக்கு 50-கூட இருக்கலாம். ஏற்கெனவே திணறும் வலது கீழறைக்கு ஒரே வீச்சில் நிறைய டை கொடுத்தால் அது தாங்காமல் போகலாம். அதனால் எண்களை எழுதி, டாக்டரிடம் வாசித்துக் காட்டி, அதன் பிறகே இன்ஜெக்டரில் (டையைச் செலுத்தும் இயந்திரம்) அளவு போட வேண்டும்.

5. படம்

நுரையீரல் தமனி இரண்டாகப் பிரியும் முன் உள்ள தண்டில் டை அடிப்பதைவிட வலது, இடது என்று தனித்தனியாக அடிப்பதே நல்லது. அழுத்தம் இயல்பாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு வினாடிக்கு 15 முதல் 20 மி.லி., மொத்தம் 30 முதல் 40 என்பது பழகிய அளவு. அழுத்தம் ஏறியவருக்கு அளவும் வேகமும் குறையும். குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதலில் கையால் கொஞ்சம் டை விட்டு, முனை சின்னக் கிளைக்குள் சிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

"உடம்பு முழுக்கச் சூடா இருக்கும், பயப்படாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று முன்கூட்டியே ஒருமுறை பழக்குங்கள். மூச்சு அசைந்தால் டிஎஸ்ஏ படம் (எலும்பு முதலியவற்றைக் கழித்துவிட்டு டை நிரம்பிய குழாயை மட்டும் காட்டுவது) கலங்கி, அந்த டை வீண். ஒவ்வொரு பக்கத்துக்கும் நேர்ப்படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று. டை தமனியைத் தாண்டி, சிரைகள் வழியாக இடது மேலறைக்கு வரும்வரை படமெடுக்கும் பெடலை விடக்கூடாது.

6. என்ன தெரியும்?

புதுக் கட்டி என்றால் டைக்கு நடுவே நிரம்பாத இடமாகத் தெரியும். பழையது அப்படி இருக்காது. தமனி பை போல முடிந்திருக்கும், குறுக்கே நாடா ஓடும், சட்டென்று ஒடுங்கும், சுவர் கரடுமுரடாக இருக்கும். நாடாக்கள் பக்கவாட்டுப் படத்தில்தான் பலமுறை பிடிபடும். அதை எடுக்காமல் கேஸை முடிக்க விடாதீர்கள்.

7. வெளியே வருவது

பிக்டெயிலை அப்படியே இழுத்தால் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூன்றிதழ் வால்வின் நாண்களில் மாட்டும். உள்ளே வயர் விட்டு முனையை நிமிர்த்திக்கொண்டு இழுப்பார்கள், வயரைத் தயாராக நீட்டுங்கள். ஷீத்தை எடுத்தபின் சிரை என்பதால் சுமார் 10 நிமிட அழுத்தம் பெரும்பாலும் போதும். ரத்தம் இளகும் மருந்து ஓடினால் கூடுதல் நேரம் பிடியுங்கள். அப்புறம் படுக்கை ஓய்வு. குத்திய இடத்தில் வீக்கம், தோலில் தடிப்பு, சிறுநீர் அளவு எல்லாவற்றையும் கவனியுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், சிறுநீரகமும் சரியில்லை என்றால், 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினின் பார்த்த பிறகே அந்த மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். இதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.