மழை ஊரில் நலங்கு மாவு அரைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில், உடம்பில் தேய்த்துக் குளிக்கும் நலங்கு மாவுக்கு வேண்டிய சரக்குகளில் பெரும்பாலானவை மளிகைக்கடையிலேயே கிடைத்துவிடும். கிடைக்காதது தொடர்ந்து மூன்று நாள் வெயில்தான். தமிழகத்துக் குறிப்புகள் "வெயிலில் காயவைத்து" என்று இரண்டே சொல்லில் கடந்துவிடும் இடத்தில்தான் நமக்குப் பாதி வேலை இருக்கிறது.

எண்ணெய் தேய்ப்பதை அப்யங்கம் என்றும், மூலிகைப் பொடியால் உடலைத் தேய்ப்பதை உத்வர்த்தனம் என்றும் ஆயுர்வேதம் வகுத்துள்ளது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், அன்றாட ஒழுக்கங்களைக் கூறும் அதிகாரத்தில், பொடி தேய்த்தல் கபத்தைத் தணித்துத் தோலைத் தெளிவாக்கும் என்கிறது. தோலை வெளுப்பாக்கும் என்று நான் யாருக்கும் வாக்குத் தரமாட்டேன். அந்த வாக்கை நம்பித்தான் பலர் பாதரசம் கலந்த களிம்புகளை வாங்கி ஏமாறுகிறார்கள்.

முதல் படி: சரக்கு

பாசிப்பயறு 250 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ ஆகியவை தலா 25 கிராம் போதும். கஸ்தூரி மஞ்சளைப் பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்கி, உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளிறிய நிறமும் கற்பூரம் கலந்தாற்போன்ற மணமும் இருக்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் சமையல் மஞ்சள்தான், முகத்தில் கறை பிடிக்கும்.

பல குறிப்புகளில் கார்போகரிசியும் இடம்பெறும். அதிலுள்ள சோரலென் என்னும் பொருள், வெயில் படும்போது தோலைப் புண்ணாக்கவோ கருக்கவோ கூடியது. காலையில் குளித்துவிட்டுப் பால்மரக்காட்டுக்கோ செம்பனைக்காட்டுக்கோ செல்பவர்கள் உள்ள வீட்டில் அதை விட்டுவிடுவதே நல்லது.

இரண்டாம் படி: காயவைத்தல்

பயறையும் பருப்பையும் கழுவ வேண்டாம். கல், தூசு நீக்கித் துணியால் துடைத்தால் போதும். காலை வெயில் ஏறியதும் முறத்தில் பரப்பி, மதியம் மேகம் கருக்கும் முன்பே உள்ளே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் ஒரு தூறல் பட்டாலும் அதுவரை காய்ந்தது வீணாகும். இரவில் முறத்தைக் காத்தாடிக்குக் கீழே வைக்கலாம். மழை விடாத வாரமானால் ஓவன் (oven) அடுப்பின் சூட்டை 60 பாகை செல்சியஸுக்கு மேல் ஏற்றாமல், கதவைச் சற்றே திறந்து வைத்துக் காயவையுங்கள். பூக்களை மட்டும் தனித் தட்டில் வைத்து முன்னதாகவே எடுத்துவிடுங்கள், இல்லையேல் மணம் போய்விடும். பயறு கடித்தால் "கடுக்" என்று உடைய வேண்டும், வெட்டிவேர் வளைத்தால் முறிய வேண்டும், ரோஜா இதழ் விரலிடையே நொறுங்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அரைக்காதீர்கள். ஈரம் மிஞ்சிய மாவு நம் ஊர்ப் புழுக்கத்தில் விரைவிலேயே பூசணம் பிடிக்கும்.

மூன்றாம் படி: அரைத்தல்

கிழங்குகளை உரலில் தட்டியும், வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் சிறிதாக நறுக்கியும் போடாவிட்டால் மிக்ஸியின் கத்தியில் நார் சுற்றிக்கொள்ளும். மில்லில் கொடுப்பதாக இருந்தால், சற்றுமுன் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் போட்டால் குளியலறையில் அலற வேண்டியதுதான். அரைத்த மாவை மெல்லிய துணியில் சலித்து, கப்பியை மறுபடி அரைக்கலாம். முகத்துக்குச் சலித்த மாவு மட்டுமே உகந்தது.

நான்காம் படி: பயன்படுத்துதல்

முதலில் ஒரு சிட்டிகையைக் குழைத்து முழங்கையின் உட்புறம் தடவிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால், தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கால் மணி நேரம் ஊறிய பின், மாவைக் குழைத்து மெதுவாகத் தேய்த்துக் கழுவலாம். பயறின் மாவுச்சத்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் சவர்க்காரம் தேவைப்படாது. வறண்ட தோலுக்குப் பால் அல்லது தயிரிலும், எண்ணெய் வழியும் தோலுக்குத் தண்ணீரிலும் குழைப்பது வழக்கம். முகப்பரு சீழ் வைத்திருந்தாலோ, கரப்பான் போன்ற தோல் நோய் இருந்தாலோ இதைத் தேய்க்காமல் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

தோட்டத்தில் களைக்கொல்லி அடித்துவிட்டு வருபவர்கள் மாவைத் தொடும் முன் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் குளித்தாக வேண்டும். களைக்கொல்லி ஒட்டியிருக்கும் தோலைப் பொடியால் தேய்த்தால் சிராய்ப்பு உண்டாகி, அந்த நஞ்சு உடம்புக்குள் கூடுதலாக இறங்கும்.

சேமிப்பு

காய்ந்த கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். குளியலறைக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். ஈரக்கையை உள்ளே விடக் கூடாது. குழைத்து மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்காமல் பூச்செடிக்கு ஊற்றிவிடுங்கள். குளியலறைக் குழாயில் ஊற்றினால் மாவு படிந்து அடைத்துக்கொள்ளும்.