பத்துக்கு நாலு என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள்

வடசென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேட்டுப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் ஒருநாள் கழித்தல் கணக்கு பத்து கொடுத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் பத்துக்கு நாலு. 42-இல் 17 போனால் 35 என்று இருவருமே எழுதியிருந்தார்கள். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 61-இல் 24 போனால் எவ்வளவு என்பதற்குப் பையன் 43 என்றும் அவள் 47 என்றும் எழுதியிருந்தார்கள்.

இருவரையும் தனித்தனியாக மேசைப் பக்கம் கூப்பிட்டு, "சொல்லிக்கிட்டே போடு" என்றேன். பையன், "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு" என்றான். பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தை எடுப்பதுதான் கழித்தல் என்று அவன் மனதில் பதிந்துபோயிருக்கிறது. எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று அவன் பார்ப்பதே இல்லை. அந்தப் பெண் கடன் வாங்கினாள். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து என்று சரியாகவே சொன்னாள். கடன் கொடுத்த நாலு மூன்றாகிவிட்டது என்பதைத்தான் மறந்துவிட்டாள். நாலை அடித்துவிட்டு மேலே மூன்று என்று எழுதும் பழக்கம் வந்ததும் இரண்டே நாளில் அவள் கணக்கு சரியாகிவிட்டது. பையனுக்குத் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, கட்டைப் பிரித்துக் காட்டுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு மூன்று வாரம் ஆனது.

கூப்பிட்டுக் கேட்காமல் விட்டிருந்தால் இருவர் பெயருக்கும் நேராக நாலு என்ற ஒரே எண்தான் நின்றிருக்கும். பிள்ளைகளின் முன்னேற்றத்தைக் குறித்து வைப்பதில் நாம் செய்கிற பெரிய தவறு இதுதான். மதிப்பெண்ணை எழுதுகிறோம், தப்பு எப்படி வந்தது என்பதை எழுதுவதில்லை. இப்போது நான் ஒரு லாங் சைஸ் நோட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். தேதி, பிள்ளை போட்ட தப்பு அப்படியே, பக்கத்தில் காரணம் ஒரு வரி. "42-17=35, கடன் வாங்கவில்லை" என்று இருந்தால் அடுத்த மாதம் அதே மாதிரிக் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். நாலு என்ற எண்ணை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது.

வாசிப்பில் நாம் ஏமாறுவது வேறு விதம். பாடத்தைப் பலமுறை சேர்ந்து சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிவிடும். பிள்ளை கணீரென்று வாசிப்பான், நாமும் "நன்றாக வாசிக்கிறான்" என்று எழுதிவிடுவோம். அவன் விரலைக் கவனியுங்கள். வாய் மூன்றாவது வரியில் இருக்கும், விரல் இரண்டாவது வரியிலேயே நிற்கும். கடைசி வரியிலிருந்து மேலே வரச் சொல்லுங்கள், அல்லது நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு அது என்ன என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை தெரியும். கையெழுத்தும் அப்படித்தான். கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதுகிற பிள்ளை, நாம் சொல்லி எழுதச் சொன்னால் 'கொடி'யைக் 'கெடி' என்று எழுதுவாள். கொம்பு போட்டாள், கால் போடவில்லை. பார்த்து எழுதியதையும் சொல்லக் கேட்டு எழுதியதையும் ஒரே கணக்கில் சேர்க்கவே கூடாது.

2022 ஜூனில், பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வர வேண்டும் என்று தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்தது. வகுப்பு எதுவானாலும் பிள்ளை இன்று நிற்கிற இடத்திலிருந்து கற்றுக்கொடுக்கத்தான் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல யோசனை அது, நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை பிப்ரவரியிலும் அங்கேயே உட்கார்ந்திருந்தால், அவள் நகரவில்லையா, நாம் நகர்த்த மறந்துவிட்டோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் காதில் விழும்படி "அரும்புப் பசங்கள்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிடவே கூடாது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. "அவ அரும்பு மிஸ், அவளுக்குத் தெரியாது" என்று இன்னொரு பிள்ளை சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவள் தலை குனிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளின் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டிய கடைசி நாளில், சாயந்திரம் உட்கார்ந்து முப்பது பேருக்கும் நினைவிலிருந்து நிரப்புவது இன்னொரு தவறு. நமக்கு நினைவில் நிற்பது வகுப்பில் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவர்களும் சேட்டை செய்கிறவர்களும்தான். நடுவரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பத்துப் பிள்ளைகளுக்குக் குத்துமதிப்பாகத்தான் போடுவோம். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் ஆறு பள்ளி நாளில் முப்பது பேரும் முடிந்துவிடும். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது மேசைப் பக்கம் கூப்பிட்டு மெதுவாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கேட்டால் பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் வராது. அப்புறம், இருபது கட்டம் போட்ட அட்டவணையெல்லாம் வேண்டாம். ஆகஸ்ட் வரைகூட அது தாங்காது.

வடசென்னையில் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள், உருது பேசுகிற பிள்ளைகள், வேலைக்கு வந்த குடும்பங்களின் இந்தி பேசுகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு குட்டிப் பெண்ணிடம் மூன்று பென்சிலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். "மூடு" என்றாள். எதை மூடச் சொல்கிறாள் என்று பெட்டியைப் பார்த்தேன். தெலுங்கில் மூன்றுக்கு மூடு என்று பெயர். அவளுக்கு எண்ணத் தெரியும், தமிழ்ச் சொல்தான் தெரியவில்லை. "எண் தெரியவில்லை" என்று எழுதியிருந்தால், தெரிந்ததையே திரும்ப ஒரு மாதம் படித்திருப்பாள்.

வராத நாளையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஒரு வாரம் பள்ளி இல்லை. திறந்த பிறகும் புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் புகுந்த வீட்டுப் பிள்ளைகள் உடனே வந்துவிட முடியுமா? ஜனவரியில் ஒரு பிள்ளை பின்தங்கித் தெரிந்தால், எந்தப் பாடம் நடந்தபோது அவன் இல்லை என்று தேதியை வைத்துப் பார்த்துவிடலாம். அந்தப் பாடத்தை மட்டும் நடத்தினால் போதும். "மந்தமாகிவிட்டான்" என்று எழுத வேண்டியதில்லை.

கடைசியாகப் பெற்றோர். "படிக்கவே மாட்டேங்கிறான்" என்று சொன்னால் வீட்டில் அடி விழும், வேறொன்றும் நடக்காது. நோட்டைத் திறந்து ஜூலைப் பக்கத்தையும் நவம்பர்ப் பக்கத்தையும் காட்டுங்கள். எழுத்துக்கூட்டவே திணறியவன் இப்போது ஒரு வரி வாசிக்கிறான் என்பது எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் புரியும். எங்கள் பக்கம் மீட்டிங்குக்கு வருவது பெரும்பாலும் ஆயாவோ அம்மாவோதான், அப்பா கடலில் இருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். பள்ளி திறந்து தடைக்காலம் முடிவதற்குள் இருக்கிற அந்தச் சில நாட்களில் அப்பாக்களைக் கூப்பிட்டுவிடுகிறேன். போன ஜூனில் அந்தக் கழித்தல் பையனின் அப்பா வந்தார். 35 என்று எழுதிய பக்கத்தையும் 25 என்று எழுதிய பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டோ எடுத்துக்கலாமா மிஸ்?" என்று கேட்டார்.